முதல் நாள் கதிர், மறுநாள் தெப்பம்

தைப்பூசத்தன்று மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் நடக்கும் தெப்பத் திருவிழாவை மன்னர் திருமலை நாயக்கரின் பிறந்தநாளோடு சேர்த்துச் சொல்வதே வழக்கம். அவர் பிறந்தது தைப்பூசத்தில். 1645இல் இக்குளத்தை அமைத்தவரும் அவரே. ஆனால் தெப்பத்துக்கு முந்தைய நாள் மீனாட்சியும் சுந்தரேஸ்வரரும் எங்கே எழுந்தருள்கிறார்கள் என்று கவனித்தால், இது வெறும் அரசவிழா அல்ல என்பது விளங்கும். அன்று அவர்கள் செல்வது மதுரையை ஒட்டிய சிந்தாமணிக்கு. அங்கே விளைந்த நெற்கதிரை அறுத்துச் சுவாமிக்குப் படைக்கிறார்கள். கதிரறுப்புத் திருவிழா என்றே அதற்குப் பெயர். முதல் நாள் கதிர், மறுநாள் தெப்பம். விளைச்சலுக்கு நன்றி சொன்ன கையோடு, அதை விளைவித்த தண்ணீருக்கும் மரியாதை செய்கிறது மதுரை.

மன்னரின் நட்சத்திரம்தானே நாளைக் குறித்தது என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் சம்பா அறுவடை நடப்பதும் தை, மாசி மாதங்களில்தான். மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் அதே மன்னர் சித்திரைக்கு மாற்றினார். அறுவடை நேரத்தில் தேர் இழுக்க ஆள் கிடைக்காததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆக, வயலைப் பார்த்தே விழா நாள் குறித்த ஊர் இது. ஜப்பானின் தகாயாமாவில் அக்டோபர் 9, 10 தேதிகளில் அலங்கார ரதங்கள் வலம்வரும் இலையுதிர்கால விழாவும் அறுவடை நன்றியோடு பிணைந்ததுதான். அங்கே ரதம் தெருவில் ஓடுகிறது; இங்கே அது தண்ணீரில் மிதக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் அடி நீளமுள்ள குளத்தில், பூவும் விளக்கும் சூடிய தெப்பத்தைக் கரையில் நிற்கும் பக்தர்கள் வடம்பிடித்து இழுக்க, மைய மண்டபத்தைச் சுற்றிக் காலையில் இருமுறையும் இரவில் ஒருமுறையும் அது வலம்வருகிறது.

வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்ட பிறகு கதிரறுப்பு வெறும் சடங்குதானே என்ற கேள்வியும் எழும். வயல் சுருங்கியது மறுக்க முடியாதது. ஆனால் தண்ணீர் இல்லாமல் தெப்பம் மிதக்காது. வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியே நீர் வராத ஆண்டுகளில், வறண்ட குளத்தில் தெப்பம் மிதக்காத நிலைத்தெப்பமாகவே விழா முடிந்தது. கால்வாய் சீரமைக்கப்பட்டு நீர் நிறைந்த பிறகுதான் தெப்பம் மீண்டும் மிதந்தது. சுற்றுவட்டாரத்தின் நிலத்தடி நீருக்கும் அது பலம் சேர்த்தது. வரத்துக்கால்வாய் தூர்ந்ததா, திறந்திருக்கிறதா என்று ஆண்டுதோறும் ஊரறியச் சோதிக்கும் விழாவை வெறும் சடங்கு என்று தள்ளிவிட முடியாது. தெப்பத்தைக் கொண்டாடும் மதுரைக்கு அந்தக் கால்வாயைக் காக்கும் கடமையும் உண்டு.