மூன்று மணி ஓய்வு

தொழிற்பயிற்சிக்கென ஜப்பானுக்குச் செல்லும் இந்தோனேசிய முஸ்லிம் இளைஞர்கள் பலர். ஆண்டுக்கணக்கில் தங்கும் அவர்கள் பயணிகள் அல்லர். ஆதலின் தொழுகையைச் சுருக்கும் சலுகை அவர்களுக்கு இல்லை. பன்றியிறைச்சியைக் குறிக்கும் எழுத்தை ஒரே நாளில் கற்றுவிடலாம். மிரின் என்னும் சமையல் மதுவையும் விலக்கலாம். இடர்ப்பாடு அஸர் தொழுகையில்தான். டிசம்பரில் டோக்கியோவில் மாலை நான்கரை மணிக்கே சூரியன் மறையும். வேலையோ ஐந்து மணிவரை நீளும். பல ஆலைகளில் பிற்பகல் மூன்று மணியளவில் சிற்றோய்வு உண்டு. பத்து நிமிடமே எனினும், ஒளூவை முன்னரே செய்துகொண்டால் நான்கு ரக்அத்துக்கு அது தாராளம்! தொழ ஓர் இடத்தை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் கேட்டுவிட வேண்டும். ஏனெனில், 1993-இல் தொடங்கிய இப்பயிற்சித் திட்டத்தில் விருப்பம்போல் முதலாளியை மாற்ற இயலாது. அத்தடையைத் தளர்த்தும் சட்டம் 2024-இல்தான் நிறைவேறியது.