பிரிட்ஜுக்குள்ளும் வளரும் கிருமி: பாக்கெட்டில் போடும் தேதியை யார் முடிவு செய்வது?

2018 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில், ஒரே குழந்தைகள் காப்பகத்தைச் சேர்ந்த பிள்ளைகள் காய்ச்சலும் வயிற்றுக் கோளாறுமாக கிறிஸ் ஹானி பாரக்வநாத் மருத்துவமனைக்கு வந்தார்கள். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா நாடெங்கும் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த நேரம் அது. எந்த உணவிலிருந்து வருகிறது என்று மட்டும் பிடிபடாமல் இருந்தது. மருத்துவர்கள் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுக்க, சுகாதார ஆய்வாளர்கள் காப்பகத்துக்குப் போய் பிரிட்ஜைத் திறந்தார்கள். உள்ளே போலனி இருந்தது. அரைத்த இறைச்சியை வேகவைத்து உருளையாக அடைத்து விற்கும் மலிவான பண்டம் அது. துண்டு போட்டு ரொட்டிக்குள் வைத்து, சூடாக்காமல் அப்படியே சாப்பிடுவார்கள்.

அந்த நூலைப் பிடித்துப் போனபோது பொலொக்வானே நகரின் எண்டர்பிரைஸ் ஃபுட்ஸ் தொழிற்சாலை வந்தது. மார்ச் 4 அன்று சுகாதார அமைச்சர் ஆரன் மோட்சோலெடி அதை நாட்டுக்கு அறிவித்தார். கடைசிக் கணக்கில் நோய் உறுதியானவர்கள் ஆயிரத்துக்கும் மேல். இறந்தவர்கள் இருநூறுக்கும் மேல். பாதிக்கப்பட்டவர்களில் பத்துக்கு நான்கு பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள். அவர்கள் போலனி சாப்பிடவில்லை. கருவைச் சுமந்த தாய் சாப்பிட்டாள்.

குளிரில் வைத்து விற்கும் உணவைத் தயாரிப்பவர்களுக்கு ஏன் தனியான தொழில்நுட்ப உதவி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. பிரிட்ஜில் இருந்தால் பத்திரம் என்று நாம் நினைக்கிறோம். பல கிருமிகள் விஷயத்தில் அது ஓரளவுக்குச் சரிதான். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சால்மோனெல்லா பெரும்பாலும் வளராமல் நின்றுவிடும். லிஸ்டீரியா மானோசைட்டோஜீனஸ் நிற்காது. 0 டிகிரியிலும் மெதுவாகப் பெருகும். மற்ற பல கிருமிகள் முடங்கிக் கிடப்பதால் அதற்குப் போட்டியும் குறைவு. ஆகவே பாக்கெட்டின் ஆயுளைக் கூட்டும் ஒவ்வொரு நாளும் அதற்கு நாம் கொடுக்கும் ஒரு நாள். சாப்பிட்டவருக்கு நோய் தெரிய 70 நாள்வரைகூட ஆகலாம் என்பது இன்னொரு சிக்கல். இரண்டு மாதத்துக்கு முன் என்ன சாப்பிட்டோம் என்று யாருக்கு நினைவிருக்கும்?

காற்றை உறிஞ்சிவிட்டு அடைக்கும் வேக்யூம் பாக்கெட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவில் ஒரு வகை, காற்றில்லாத இடத்தில், 3 டிகிரிக்கு மேலேயே வளர்ந்து நஞ்சைச் சுரக்கும். இந்த வகை புரதத்தைச் சிதைப்பதில்லை என்பதால் நாற்றம் காட்டிக் கொடுக்காது. முகர்ந்து பார்த்து முடிவு செய்யும் நம் வீட்டுப் பழக்கம் இங்கே உதவாது.

இந்தத் தொழிலை முதலில் பெரிய அளவில் வளர்த்த நாடுகளில் பிரிட்டன் ஒன்று. 1979இல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளில் உறையவைக்காத, குளிர மட்டும் வைத்த சிக்கன் கீவ் என்ற கோழி உணவு விற்பனைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டில் சமைத்த சாப்பாடு, சாண்ட்விச், சாலட் என்று குளிர் அலமாரிகள் நிரம்பின. எண்பதுகளின் இறுதியில் அடி விழுந்தது. இறக்குமதியான பேட்டே என்ற ஈரல் விழுதில் லிஸ்டீரியா வந்தது. 1989 ஜூனில் ஹேசல்நட் தயிர் வந்தது.

அந்தத் தயிரின் கதையை உணவு தயாரிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 27 பேருக்குப் பாட்டுலினம் நஞ்சு ஏறியது, ஒருவர் இறந்தார். தயிரில் குற்றமில்லை. அதில் கலக்க டின்னில் வாங்கிய ஹேசல்நட் விழுதில் சர்க்கரைக்குப் பதிலாக அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டியைச் சேர்த்திருந்தார்கள். இனிப்பு அதேதான். ஆனால் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இருப்பதில்லை. கிருமிக்கு வேண்டிய நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதும் அதுதான். அந்தக் காவல் போன பிறகு, பாட்டுலினத்தின் வித்துகளை அழிக்கும் அளவுக்கு டின்னைச் சூடாக்கியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. நஞ்சு டின்னிலேயே உருவாகிவிட்டதால் அதன்பின் தயிரை எவ்வளவு குளிரில் வைத்தும் பயனில்லை. சர்க்கரையை எடுப்பதற்கு முன்பே இதைச் சொல்ல, கிருமியியல் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்திருக்க வேண்டும்.

அதே 1989இல் பிரிட்டனின் குளிர் உணவு உற்பத்தியாளர்கள் சேர்ந்து சில்டு ஃபுட் அசோசியேஷன் என்ற சங்கத்தை அமைத்தார்கள். சந்தையில் முட்டிமோதும் போட்டியாளர்கள் சுத்தம், வெப்பநிலை, ஆயுள் நாள் ஆகியவற்றுக்குப் பொது நெறிமுறை எழுதிக்கொண்டார்கள். எனக்கு இந்த முடிவின்மேல் பெரிய மதிப்பு உண்டு. மசாலா ரகசியமாக இருக்கலாம், கிருமியைத் தடுக்கும் அறிவு ரகசியமாக இருக்கக் கூடாது. ஒருவர் பாக்கெட்டில் விஷம் வந்தால் எல்லோர் பாக்கெட்டையும் மக்கள் ஒதுக்குவார்கள் என்ற வியாபாரக் கணக்கும் அதில் சேர்ந்திருந்தது.

அரசுக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் குழுவின் 1992 அறிக்கையை ஒட்டி உருவான பத்து நாள் விதி அங்கே புகழ்பெற்றது. வேக்யூம் பாக்கெட் உணவை 3 முதல் 8 டிகிரி வரையில் வைத்து பத்து நாளுக்கு மேல் விற்க வேண்டுமா? குளிரோடு இன்னொரு தடையும் இருக்க வேண்டும். உணவு முழுவதும் 90 டிகிரியில் 10 நிமிடம் வெந்திருக்கலாம். பிஹெச் 5 அல்லது அதற்குக் கீழே இருக்கும் புளிப்பு உதவும். உணவின் நீர்ப்பகுதியில் 3.5 சதவீத உப்பு இருந்தாலும் சரி. எதுவும் இல்லையென்றால் பத்து நாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பின்னாளில், பச்சையாக விற்கும் மாடு, ஆடு, பன்றி இறைச்சிக்கு மட்டும் இதைத் தளர்த்தினார்கள்.

உணவுக்குள் இவ்வளவு கவனம் செலுத்தினாலும், வெந்த உணவு ஆறி பாக்கெட்டுக்குள் போகும் அந்தச் சில அடி தூரத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. லிஸ்டீரியா ஈரத்தில் வாழும். தரை வடிகால், கன்வேயரின் உருளை, கூலர் தட்டில் சொட்டும் நீர், கத்தியின் பிடி என்று எங்கே ஈரம் தங்குமோ அங்கே வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். 2008இல் கனடாவில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மேப்பிள் லீஃப் நிறுவனத்தின் டொராண்டோ ஆலையில் இறைச்சியைச் சீவும் இயந்திரங்களின் உள்ளே, தினசரிக் கழுவல் எட்டாத இடத்தில் அது குடியிருந்ததாகக் கருதப்பட்டது. இயந்திரத்தை மேலே கழுவினால் போதாது, கழற்றிக் கழுவ வேண்டும். கழற்ற முடியாத இயந்திரத்தை வாங்கவே கூடாது. பச்சை உணவைத் தொடுபவரும் வெந்த உணவைத் தொடுபவரும் ஒரே வாசலில், ஒரே காலணியில் நடக்கக் கூடாது.

வடிகாலிலும் இயந்திரத்திலும் பஞ்சுக் குச்சியால் ஒற்றியெடுத்துச் சோதிப்பதை ஸ்வாப் என்கிறார்கள். பல ஆலைகளில் ஸ்வாபில் கிருமி கிடைத்தால் எடுத்த ஊழியருக்குத் திட்டு விழும். அடுத்த வாரம் அவர் சுத்தமான இடமாகப் பார்த்து ஒற்றியெடுப்பார். அறிக்கைகள் அழகாக வரும், கிருமி இருந்த இடத்திலேயே இருக்கும். தரையில் லிஸ்டீரியாவைக் கண்டுபிடித்துச் சொன்னவரைப் பாராட்டும் முதலாளியிடம்தான் நான் நம்பிச் சாப்பிடுவேன்.

நம் ஊரில் பாக்கெட் தோசை மாவு பெரிய வியாபாரமாகிவிட்டது. மாவைப் பொறுத்தவரை இயற்கையே நமக்கு இரண்டு காவல் கொடுத்திருக்கிறது: புளிப்பு, பிறகு ஆவியிலோ கல்லிலோ வேகுதல். அந்தத் துணிச்சலில் அதே வேன், அதே பிரிட்ஜ் என்று பக்கத்திலேயே தேங்காய்ச் சட்னியை அடைக்கத் தொடங்கும்போதுதான் எனக்குக் கவலை வருகிறது. சட்னியில் ஈரம் அதிகம், புளிப்பு குறைவு, யாரும் சுடவைத்துச் சாப்பிடுவதில்லை. வெட்டிய பழம், பனீர், சாண்ட்விச், சமைத்து அடைத்த குழம்பு ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. மாவுக்குப் போட்ட தேதியைச் சட்னிக்குப் போட முடியாது. பக்கத்துக் கம்பெனி ஏழு நாள் போட்டிருப்பதும் காரணம் ஆகாது.

தேதியைக் கண்டுபிடிக்க முறை இருக்கிறது. உணவை அதன் ஆயுள் முழுதும் வைத்து, இடையிடையே எடுத்துச் சோதிக்கலாம். ஆபத்தான உணவென்றால் கிருமியை வேண்டுமென்றே சேர்த்து எவ்வளவு பெருகுகிறது என்று பார்க்க வேண்டும். அதை ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும், ஆலைக்குள் ஒருபோதும் செய்யக் கூடாது. தஞ்சாவூரில் நிஃப்டெம், மைசூருவில் சிஎஃப்டிஆர்ஐ என்று உணவுத் தொழில்நுட்பம் தெரிந்த அரசு நிறுவனங்கள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. இரண்டு அறையில் தொழில் நடத்தும் ஒரு சுயஉதவிக் குழுவுக்கு அங்கே போய் என்ன கேட்பது என்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். உரிமம் கொடுத்துச் சோதனைக்கு வரும் அதிகாரி மட்டும் போதாது. சோதனைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து பேசுபவர் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தேவை.

அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த வெப்பநிலையில் சோதிப்பது என்பதுதான். ஆலையின் குளிர் அறை 4 டிகிரியில் இருக்கும். மே மாதத்தில் வேன் கதவு பத்து இடத்தில் திறக்கும், பெட்டிக்கடை பிரிட்ஜை இரவில் அணைத்துவிடுவார்கள், மின்சாரமும் போய்வரும். பாக்கெட்டின் தேதியை அந்தக் கடைப் பிரிட்ஜின் வெப்பநிலைக்குச் சோதித்துத்தான் போட வேண்டும். அதற்கு மூன்று நாள்தான் வருகிறது என்றால் மூன்று நாள் என்றே அச்சடிக்க வேண்டும்.