பெரட்டுத் தப்பு

நகரங்களில் தீயென்றால் மணி அடித்தார்கள். பதுளை, பசறை, ஹப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் ஆள் திரட்ட வேண்டுமென்றால் தப்பு என்னும் பறைதான். விடியுமுன் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை எழுப்பி, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு அனுப்பியதும், சாவைச் சொன்னதும், காமன் கூத்தை ஆட வைத்ததும் அதே தப்பு. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. மணிக்கு அந்த வசதி குறைவு. அடித்தவரைச் சாதி சொல்லி ஒதுக்கிய ஊர், அவர் அடியைக் கேட்டுத்தான் நாளைத் தொடங்கியது.

கருவி எளிது. வளைத்துச் சேர்த்த மரத்துண்டுகள் வட்டச் சட்டமாகும். அதன் ஒரு முகத்தில் மட்டும் தோலை இழுத்து ஒட்டுவார்கள். இடக்கையில் மெல்லிய நீளக் குச்சி, வலக்கையில் தடித்த குட்டைக் குச்சி. மெல்லியது சுள்ளென்று வெட்டும், தடித்தது அதிரும்.

மலைநாட்டில் இதற்குப் பகை மூடுபனி. தோல் ஈரத்தை உறிஞ்சினால் நார்கள் தளர்ந்து, கனமும் கூடி, ஒலி இறங்கிப் ‘பொத்’தென்று விழும். அதனால் சருகையோ வைக்கோலையோ கொளுத்தி அனலில் காட்டுவார்கள். ஈரம் வற்றித் தோல் விறைக்கும். விரலால் சுண்டிப் பார்த்து, ‘டண்’ணென்றதும் எடுப்பார்கள். தீயைச் சொல்ல வேண்டிய கருவிக்கே முதலில் தீ வேண்டும்! செம்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம் கலந்து வார்க்கும் வெண்கல மணிக்கு இந்தத் தொல்லை இல்லை. கோயிலிலும் பள்ளியிலும் தொங்கும் தண்டவாளத் துண்டுக்கும் இல்லை.

லயத்தில் தீ என்றால் ஒரு காம்பராவோடு நிற்காது. ஒரே தகரக் கூரை. பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. அந்த இடைவெளியில் புகையும் அனலும் கடைசி வீடுவரை ஓடிவிடும். சத்தம் கேட்டவர்கள் சாமான்களை இஸ்தோப்புக்கு வெளியே இழுத்துப் போடத்தான் நேரம் இருக்கும்.

மண்சரிவு வேறு கணக்கு. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி லயங்களை மூடியது. அங்கே ஆபத்து என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. இன்று அந்த நிறுவனம் மழைமானியை வைத்துப் பேசுகிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150ஐத் தொட்டால் வெளியேற வேண்டும், ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலும் அப்படியே. ஆனால் மீரியபெத்தையில் குறைந்தது சத்தமல்ல. சொல்லியும் ஆண்டுகள் போயின. எழுந்து போய்க் குடியிருக்க வேறு காணி அமையவில்லை.