‘தி மெஸேஜ்’ படமும் பார்க்காமலே எழுந்த எதிர்ப்பும்

சென்ற மாதம் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஓர் இளைஞர் கைப்பேசியோடு நம்மிடம் வந்தார். நபிமார்களின் வரலாற்றைப் பற்றி ஏதோ ஒரு படம் வரப்போகிறதாம். அதைக் கண்டித்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. “ஹஜ்ரத், அடுத்த வாரம் பயானில் நீங்களும் இதைக் கடுமையாகப் பேச வேண்டும்” என்றார். படத்தைப் பார்த்தவர் யார் என்று கேட்டோம். பதில் இல்லை. அவரிடம் சுருக்கமாகச் சொன்ன பழைய வரலாறு ஒன்றை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

சிரியாவின் ஹலப் நகரில் பிறந்து அமெரிக்காவில் சினிமா படித்தவர் முஸ்தஃபா அக்காத். நபி (ஸல்) அவர்களின் வரலாற்றை மேற்குலகுக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் எடுத்த படம்தான் 1976-இல் வெளிவந்த ‘தி மெஸேஜ்’. ஒரே காட்சியை ஆங்கில நடிகர்களை வைத்து ஒருமுறையும் அரபு நடிகர்களை வைத்து மறுமுறையும் படமாக்கினார். ஆங்கிலப் படத்தில் ஹம்ஸா (ரலி) அவர்களாக நடித்தவர் அந்தோணி குவின்.

படத்தில் நபி (ஸல்) அவர்களின் உருவம் இல்லை, குரலும் இல்லை. மற்றவர்கள் கேமராவை நோக்கிப் பேசுவார்கள். அவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதைப் பிறர் வாயிலாகத்தான் அறிகிறோம். நாற்பெரும் கலீஃபாக்களையும் காட்டவில்லை. அலீ (ரலி) அவர்கள் வரவேண்டிய இடத்தில் இரு முனை கொண்ட வாள் மட்டும் தெரியும். ஆனால் ஹம்ஸா, பிலால், ஜஅஃபர் (ரலியல்லாஹு அன்ஹும்) போன்ற ஸஹாபாக்களாக நடிகர்கள் நடித்தார்கள். உலமாக்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இன்று ஸஹாபியாக வரும் நடிகர் நாளை வேறொரு படத்தில் குடிகாரனாக வருவார். மக்கள் மனத்தில் எந்த முகம் பதியும் என்ற கேள்வியைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. நமக்கும் அதே தயக்கம் உண்டு.

அக்காத் திரைக்கதையை அல்-அஸ்ஹர் அறிஞர்களிடம் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே வேலையைத் தொடங்கினார். பின்னர் அல்-அஸ்ஹர் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. மக்காவிலுள்ள ராபிதா அமைப்பும் எதிர்த்தது. மொராக்கோவில் நடந்த படப்பிடிப்பு பாதியில் நிறுத்தப்பட, குழு லிபியாவுக்குப் போய் மீதியை முடித்தது. இதுவரை நடந்தது அறிஞர்களின் கருத்து வேறுபாடும் அரசுகளின் நெருக்குதலும்தான்.

1977 மார்ச் 9. அமெரிக்காவில் படம் திரைக்கு வரும் நாள். வாஷிங்டனில் அப்துல் காலிஸ் என்பவரின் தலைமையில் 12 பேர் துப்பாக்கிகளோடு மூன்று கட்டடங்களைப் பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பணயக் கைதிகளாக்கினர். அவர்கள் தங்களை ‘ஹனஃபி’கள் என்று அழைத்துக்கொண்டனர். (நம்மில் பலர் பின்பற்றும் மத்ஹபோடு அந்தக் குழுவைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) காலிஸின் முதன்மையான ஆத்திரம் வேறு. 1973-இல் அவருடைய வீட்டுக்குள் புகுந்தவர்கள் ஏழு பேரைக் கொன்றிருந்தனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். கொலைகாரர்களைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார். கூடவே இன்னொரு கோரிக்கை: இந்தப் படத்தை நாடெங்கும் நிறுத்த வேண்டும்.

அந்தோணி குவின் நபியாகவே நடித்திருக்கிறார் என்ற வதந்தி அப்போது முஸ்லிம்களிடையே பரவியிருந்தது. அது பச்சைப் பொய். படத்தை அவர்களுக்கே போட்டுக்காட்டுகிறேன், மனம் புண்பட்டால் அழித்துவிடுகிறேன் என்று அக்காத் முன்வந்தார். ஆனால் அதற்குள் ஓர் இளம் வானொலிச் செய்தியாளரின் உயிர் போயிருந்தது. பிடிபட்ட மூன்று கட்டடங்களில் ஒன்று வாஷிங்டன் இஸ்லாமிய மையம், அதாவது பள்ளிவாசல். அதன் இயக்குநர், அல்-அஸ்ஹரில் கற்ற அறிஞர் முஹம்மது அப்துல் ரவூஃப், பணயக் கைதிகளில் ஒருவர். மார்க்கத்தின் பெயரால் பிடித்த துப்பாக்கி ஓர் ஆலிமை நோக்கியே நீண்டது! எகிப்து, பாகிஸ்தான், ஈரான் நாடுகளின் தூதர்கள் மூவர் நேரில் சென்று குர்ஆன் வசனங்களை எடுத்துச் சொல்லிப் பேசிய பிறகுதான், மார்ச் 11 அதிகாலையில் முற்றுகை முடிந்தது.

குர்ஆன் 49:6 வசனம், ஒருவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்காமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலையைப் பற்றி எச்சரிக்கிறது. மத்ரஸாவில் முதலாண்டு மாணவனும் ஓதும் வசனம் இது. சினிமா என்றதும் நமக்கு மறந்துபோகிறது.

சரி, வதந்தி இல்லை, உண்மையிலேயே இழிவுபடுத்த எடுத்த படம் என்றால்? 2012-இல் ஒரு சிறு காணொளி உலகையே கொந்தளிக்க வைத்தது. சென்னையில் அண்ணா சாலையும் போராட்டக் களமானது. அதில் நடித்தவர்களுக்கே கதையை மாற்றிச் சொல்லி ஏமாற்றி, பிறகு வேறு வசனங்களை ஒட்டியிருந்தார்கள். கண்டிக்க வேண்டியதுதான், கண்டித்தோம். ஆனால் யாரும் சீந்தாமல் கிடந்த அதை ஊரெல்லாம் தேடிப் பார்க்க வைத்ததில் நம் கோபத்துக்கும் பங்குண்டு. இறைவசனங்கள் கேலி செய்யப்படும் சபையில் இருக்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதை 4:140 சொல்கிறது: அவர்கள் பேச்சை மாற்றும்வரை அவர்களோடு உட்காராதீர்கள். சபையை அடித்து நொறுக்கச் சொல்லவில்லை. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்ற 2:256 வசனத்தை மேடைதோறும் பெருமையோடு எடுத்துச் சொல்கிறோம். நமக்கு உடன்பாடில்லாதவருக்கும் அது பொருந்தும் என்பதைச் சொல்லும்போதுதான் குரல் தாழ்ந்துவிடுகிறது. இந்நாட்டில் நாம் பாங்கு சொல்லவும் மத்ரஸா நடத்தவும் பிடிமானமாக இருப்பதும் அதே நம்பிக்கைச் சுதந்திரம்தான்.

பிற்காலத்தில் ‘தி மெஸேஜ்’ பல முஸ்லிம் வீடுகளில் குடும்பத்தோடு பார்க்கும் படமாகிவிட்டது. 2018-இல் சவூதி அரேபியத் திரையரங்குகளிலேயே திரையிடப்பட்டது. அதைக் காண அக்காத் இல்லை. 2005 நவம்பரில் ஜோர்டானின் அம்மான் நகர விடுதிகளில், இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட ஒரு கூட்டம் நடத்திய குண்டுவெடிப்பில் அவரும் அவருடைய மகளும் உயிரிழந்தார்கள்.

ஸஹாபாக்களாக நடிகர்கள் நடிப்பதில் நமது தயக்கம் இன்றும் தீரவில்லை. கேட்பவர்களிடம் அதைச் சொல்கிறோம், காரணத்தையும் சொல்கிறோம். அந்த இளைஞர் கேட்டபடி பயானில் நாம் எதுவும் பேசவில்லை. படம் வரட்டும், பார்த்தவர் ஒருவரையும் அழைத்து வாருங்கள், அஸருக்குப் பிறகு உட்கார்ந்து பேசுவோம் என்றோம். முகம் சற்றுச் சுண்டியது. ஆனாலும் அந்தக் குரல் பதிவை நம் கண்முன்னேயே அழித்துவிட்டுப் போனார்.