கேட்டுவிட்டுப் போட வேண்டிய ஊசி

“நர்சம்மா, பொண்ணு இன்னும் வயசுக்கே வரல. அதுக்குள்ள கர்ப்பப்பைக்கு எதுக்கு ஊசி?”

ஆரணியை ஒட்டிய சேவூரில், ஒரு நெசவாளர் வீட்டில் இந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் பெண்ணின் பாட்டி. ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். குழித்தறியில் இருந்த மகனின் கால் மிதியில் அப்படியே நின்றது. மருமகள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாருக்கு ஊசியோ அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் மட்டும் அங்கே இல்லை. பேச்சை எடுத்ததுமே கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்த வட்டாரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். போலியோ சொட்டு மருந்துக்கும் தட்டம்மை ஊசிக்கும் இதே தெருக்களில் ஏறி இறங்கியிருக்கிறேன். பாட்டி கேட்டதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. அது நியாயமான கேள்வி. நேரான பதில் கிடைக்காததால்தான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் இந்த ஊசி இன்னும் பல வீடுகளின் வாசலோடு நின்றுவிடுகிறது.

பதிலுக்கு முன்னால் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன் நான் பார்த்துக்கொண்ட கிராமத்தில் இருந்தவள். கோர்வைச் சேலை நெய்யும்போது கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ளுவது அவள்தான். வெள்ளைப்படுதல் இருந்தது, நாற்றமும் இருந்தது. பிறகு மாதவிலக்கு இல்லாத நாளிலும் ரத்தம் பட்டது. நாளெல்லாம் தறியிலேயே கிடப்பதால் வந்த சூடு என்று நினைத்துக்கொண்டாள். ஊறவைத்த வெந்தயம், மோர், இளநீர் என்று ஒரு வருஷம் ஓடியது. என்னிடம் வாய் திறந்த அன்று, உள்ளே மடித்து வைத்திருந்த துணி முழுக்க நனைந்திருந்தது. காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், முற்றிய நிலை. திரும்பி வரும்போது பஸ் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: “கட்டினவரைத் தவிர வேற யாரையும் தெரியாதே, எனக்கு ஏன் வந்தது?”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேனே தவிர, பதில் சொல்லவில்லை. அன்று விட்ட பதிலைத்தான் இன்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். மனித பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக ஹெச்பிவி. இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அதில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் பத்துக்கு ஏழுக்குக் காரணம். 1980களில் இதைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வைரஸ் பரவுவது உடலுறவு வழியாக. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு நர்சுகளாகிய நாங்களே பல காலம் மென்று விழுங்கினோம். அந்த மௌனத்தில்தான் “ஒழுக்கம் கெட்டவர்களுக்கு வரும் நோய்” என்ற பழி வளர்ந்தது. உண்மையில் தாம்பத்தியம் நடத்தும் ஆண், பெண் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த வைரஸைச் சந்திப்பார்கள். கணவனுக்கு எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கும், மனைவிக்கு வந்துவிடும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடுகிறது. விரட்ட முடியாமல் தங்கிவிட்டால், பதினைந்து, இருபது வருஷம் சத்தமில்லாமல் இருந்து புற்றாக மாறுகிறது. 2022 கணக்குப்படி இந்தியாவில் ஒரே வருஷத்தில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது. ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

பாட்டிக்கு இதையெல்லாம் சொல்லிவிட்டு, “வைரஸ் உள்ளே வந்த பிறகு போட்டால் அதை வெளியேற்ற இந்த ஊசியால் முடியாது, பெரியம்மா. வருவதற்கு முன்னால் போட்டால் உள்ளேயே விடாது. அதனால்தான் இந்த வயசிலேயே கேட்கிறோம்” என்றேன். 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்வதற்குக் காரணம் இதுதான். வயசுக்கு வந்தாளா இல்லையா என்பதற்கும் ஊசிக்கும் சம்பந்தம் கிடையாது.

தறியிலிருந்து மகன் கேட்டார்: “பின்னாடி குழந்தை தங்காமப் போயிடும்னு போன்ல வந்துச்சே?”

இதே பயத்தை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்தியால் ஒரு பள்ளியில் வகுப்பே பாதி காலியாகக் கிடந்தது. ஹெச்பிவி ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. வைரஸின் மேலோட்டைப் போல ஒரு புரதம் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பார்த்து உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்துகொள்கிறது. குழந்தைப்பேற்றை இது தடுப்பதில்லை. கை வலிக்கும், சிலருக்கு லேசாகக் காய்ச்சல் வரும், பயத்தில் மயக்கமும் வரலாம். அதனால் போட்டவுடன் கால்மணி நேரம் உட்கார வைப்போம். 2006 முதல் உலகெங்கும் கோடிக்கணக்கான பெண்களுக்குப் போட்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்டவர்களிடம் பரவும் நிலைப் புற்றுநோய் ஒன்றுகூட வரவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள்.

நம் நாட்டில் ஏன் இவ்வளவு தாமதம் ஆனது? அந்தக் கதை பெற்றோர் அத்தனை பேருக்கும் தெரிய வேண்டும். 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு ஒரு ஆய்வுத் திட்டத்தில் இந்த ஊசி போட்டார்கள். அவர்களில் ஏழு பேர் பின்னர் இறந்துபோனார்கள். 2010 ஏப்ரலில் அரசு திட்டத்தை நிறுத்தியது. சாவுகளுக்குப் பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, மலேரியா, பூச்சிமருந்து என்று வேறு காரணங்கள் இருந்தன. அவற்றுக்கும் ஊசிக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் இன்னொரு உண்மை வெளிவந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பெண்கள் பலருக்குப் பெற்றோரிடம் கேட்காமல், விடுதிக் காப்பாளரும் தலைமை ஆசிரியரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஊசி மேல் குற்றமில்லை. கேட்காமல் போட்டது பெரிய குற்றம். அப்பா அம்மாவை மதிக்காமல் செய்த அந்தக் காரியத்துக்கு விலை, நாட்டுப் பெண்கள் இழந்த பல வருஷங்கள்.

அதே நிறுத்தத்தில் ஒரு நல்லதும் நடந்தது. அந்தச் சமயத்தில் தனியாக இன்னொரு ஆய்வும் நடந்துகொண்டிருந்தது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கை உட்பட ஒன்பது இடங்களில் 17,729 சிறுமிகள் அதில் இருந்தார்கள். நடுவில் நின்றதால், அவர்களில் பல ஆயிரம் பேருக்கு ஒரே ஒரு டோஸ்தான் கிடைத்திருந்தது. விட்டுவிடாமல் பத்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு டோஸே 16, 18 வகைகள் உடம்பில் தங்குவதை 95 சதவீதம் தடுத்திருந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸும் போதும் என்று சொன்னதற்கு ஆதாரமாக நின்றவர்களில் நம் திண்டுக்கல் பெண்களும் உண்டு. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

கேட்டுவிட்டுப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு சிக்கிம் இருக்கிறது. 2018இல் ஆசிரியர்களையும் பெற்றோரையும் முன்கூட்டியே கூட்டிப் பேசிவிட்டுத்தான் தொடங்கினார்கள். நூற்றுக்கு 95க்கு மேல் பெண்கள் போட்டுக்கொண்டார்கள்.

பணம்தான் அடுத்த தடை. புனே சீரம் நிறுவனத்தின் உள்நாட்டு ஊசி செர்வாவாக் வந்த பிறகும் தனியாரிடம் ஒரு டோஸுக்கு இரண்டாயிரம் ரூபாய் அளவில் ஆகிறது. வெளிநாட்டுத் தயாரிப்பு இன்னும் அதிகம். பாவு இறங்க இறங்கக் கூலி வாங்கும் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. தமிழக அரசு 2025 மார்ச் பட்ஜெட்டில் 14 வயதுப் பெண்கள் அனைவருக்கும் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. இலவசமாகக் கிடைத்தாலும் வீட்டில் சம்மதம் வேண்டுமே. மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை அடித்து, தாய்மாமன் சீரோடு ஊரைக் கூட்டுகிறோம். அந்தப் பெண்ணிடம் அவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

சேவூர் வீட்டில் நான் பேசி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. மகன் தறிக்குழியிலிருந்து எழுந்து திண்ணைக்கு வந்தார். “பொண்ணு கடையிலேர்ந்து வரட்டும். அவளையும் உட்கார வெச்சு இன்னொரு வாட்டி சொல்லுங்க” என்றார். பாட்டி ராட்டையை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு மருமகளைக் காட்டினார்: “இவளுக்கு ஒண்ணும் இல்லையா நர்சம்மா?”

இருக்கிறது. முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனை செய்கிறார்கள். காசு கிடையாது, சில நிமிஷம்தான் ஆகும். ஊசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை என்பதால், இன்று ஊசி போட்டுக்கொள்ளும் மகளும் முப்பது வயதுக்குப் பின் இந்தச் சோதனைக்கு வரத்தான் வேண்டும்.

உங்கள் வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் இருந்தால், உங்கள் ஊர் செவிலியரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கேளுங்கள். சந்தேகம் எத்தனை இருந்தாலும் அத்தனையும் கேளுங்கள். பதில் சொல்வது எங்கள் வேலை. கேட்கும்போது பெண்ணைக் கடைக்கு அனுப்பாதீர்கள், பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போகிற அன்றைக்கே அம்மாவும் சோதனை செய்துகொண்டு வரட்டும்.