'ரைஸ்' நம் 'அரிசி'யா?

குழந்தைகளே! தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் சீவலப்பேரிதான் முக்கூடற்பள்ளு பிறந்த களம். எத்தனை நெல் பெயர்கள் அதில்!

ஆங்கில 'ரைஸ்' பழைய பிரெஞ்சின் 'ரிஸ்'. அதற்கும் முன்னே கிரேக்க 'ஒரூஸா'. நெல்லைச் சீமை இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், "ஒரூஸாவின் தாய் நம் அரிசியே" என்றார். அவரது ஒப்பிலக்கணம் முதலில் வெளிவந்தது 1856ல்.

ஓசை பொருந்துகிறதே, பிறகென்ன என்கிறீர்களா? பொறுங்கள்! சொல் போன பாதையும் பொருந்த வேண்டுமே. கி.மு. 326ல் அலெக்சாண்டர் வந்தது சிந்து நதிப் பக்கம். வடமொழியில் நெல் 'வ்ரீஹி'. பாரசீகத்தில் அரிசி 'பிரிஞ்ச்'. கிரேக்கச் சொல் அவ்வழியே போனது என்பர் அறிஞர் பலர்.

ஆனால், அந்த 'வ்ரீஹி'க்கே மூலம் பழைய திராவிடச் சொல்லாக இருக்கலாம் என்பாரும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை!