காட்டுயிர்க்குக் கூண்டு வீடாகாது

நம் நாட்டில் பல இல்லங்களின் முற்றத்தில் ஒரு கூண்டும், அதனுள் ஒரு பச்சைக்கிளியும் இருப்பது நெடுங்கால வழக்கம். கிளிக்குப் பெயரிட்டு, மிளகாயும் கொய்யாவும் ஊட்டி அன்புடன் வளர்க்கும் குடும்பத்தார், தாம் ஒரு சட்டத்தை மீறுகிறோம் என்பதைப் பெரும்பாலும் அறிவதில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதையும் விற்பதையும் வளர்ப்பதையும் தடை செய்கிறது.

பழகுவது வேறு, வளர்ப்பு விலங்காவது வேறு

நாயும் பசுவும் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாய் மனிதரோடு வாழ்ந்து, இயல்பிலேயே மாறியவை. கிளியோ நேற்றுவரை மரப்பொந்தில் இருந்த குஞ்சு. கூட்டமாகப் பறந்து இரை தேடும் அப்பறவை, சிறகு வெட்டப்பட்டுத் தனித்திருக்கும்போது தன் இறகுகளைத் தானே பிடுங்கிக்கொள்வதும் உண்டு. குரங்குக் குட்டியின் குறும்பு நம்மை மகிழ்விக்கிறது. அது வளர்ந்து பருவமெய்திய பின், உணவூட்டிய கையையே கடிக்கத் தயங்காது. அது குரங்கின் குற்றமன்று, அதன் இயல்பு.

செல்வம் தருமா ஆமை?

நட்சத்திர ஆமை வீட்டில் இருந்தால் செல்வம் பெருகும் என்றொரு நம்பிக்கை பல மாநிலங்களில் நிலவுகிறது. புல்வெளியிலும் புதர்க்காட்டிலும் வாழும் அவ்வுயிர், அடுக்குமாடிக் குடியிருப்பில் போதிய வெயிலும் உரிய உணவும் இன்றி, ஓடு உருக்குலைந்து நலிகிறது. சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, 2019-இல் இதனை முதலாம் பிற்சேர்க்கைக்கு உயர்த்தியது. இவ்வாமைகள் கடத்தப்படும் அளவுக்கு அதுவே சான்று.

மண்ணுளிப் பாம்பின் கதை இன்னும் வருந்தத்தக்கது. நஞ்சற்ற இப்பாம்பின் வால் மழுங்கித் தலைபோல் தோன்றுவதால், ‘இருதலைப் பாம்பு’ என்று பெயர் பெற்றது. இதனை வாங்கக் கோடிக்கணக்கில் பணம் தருவோர் காத்திருக்கிறார்கள் என ஆசை காட்டி, முன்பணம் பெற்றுக்கொண்டு மறையும் கும்பல்கள் பற்றி நாளேடுகளில் அடிக்கடி படிக்கிறோம். வங்கிப் பணியில் இருக்கும் நாம் இங்கு ஒன்றை வலியுறுத்த வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 23-ஆம் பிரிவின்படி, சட்டவிரோத நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது. ஆகவே, இழந்த பணத்தைக் கேட்டு வழக்காடுவது அரிது. புகார் அளிப்பவரே குற்றவாளியாக நிற்கவும் நேரலாம். வாழ்நாள் சேமிப்பை இவ்வாறு இழப்பதற்கு ஈடு செய்ய எந்தக் காப்பீடும் இல்லை.

சட்டம் கூறுவது

2022-இல் திருத்தப்பட்ட சட்டம், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலாம் அட்டவணையில் உள்ள உயிரினங்கள் தொடர்பான குற்றத்திற்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. நான்காம் அட்டவணையில் இடம்பெற்ற அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர், அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தல் வேண்டும். ‘வெளிநாட்டுப் பறவைதானே’ என்று கடைக்காரர் கூறுவதை மட்டும் நம்பிவிடலாகாது. உரிய ஆவணங்களைக் கேட்டுப் பெறுவதே முறை.

நாம் செய்யத்தக்கவை

சந்தையில் வாடும் கிளிக்குஞ்சைக் கண்டு இரங்கி வாங்குவதும் தீங்கே. நாம் தரும் விலை, காலியான கூண்டுக்கு மற்றொரு குஞ்சைக் கொண்டுவந்து சேர்க்கும். வாங்காமல் வனத்துறைக்குத் தகவல் தருவதே உதவி. ஏற்கெனவே வீட்டில் ஓர் உயிர் இருப்பின், அதனைத் திறந்துவிடுவதும் தவறு. இரை தேட அறியாத அது மாண்டுபோகலாம், அல்லது நோயைக் காட்டில் பரப்பலாம். மாவட்ட வன அலுவலகத்தை அணுகி ஒப்படைத்தலே நலம்.

துணைக்கோர் உயிர் வேண்டுவோர்க்குத் தெருவில் ஆதரவின்றித் திரியும் நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் உள்ளன. பறவைகளை விரும்புவோர், கோடையில் மாடியில் ஒரு மண்சட்டி நிறைய நீர் வைத்தாலே போதும். கிளிகள் தாமே வரும். நீர் அருந்தித் தாமே பறந்து செல்லும். குழந்தைகளோடு அதனைக் கண்டு மகிழ்வதற்கு உரிமமும் தேவையில்லை, பணமும் தேவையில்லை.